பஞ்சு மில்லில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: நெஞ்சைக் காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த கையோடு நூற்பு மில்லுக்கு வருகிறவர்கள், காபித் தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்குகிறவர்கள், தறி நின்றுபோய் மில் கேட்டுக்கு வந்து நிற்கிற நெசவாளர்கள், ஏஜென்ட் மூலம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். சேலம் வட்டாரத்து மில்களில் புதிதாக நுழையும் இவர்களுக்காகவும், இவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

சேர்ந்த அன்று அறுந்த நூலை ஒட்டுவது எப்படி, பாபின் மாற்றுவது எப்படி, கை எங்கே போகக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தருவார்கள். மூச்சைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விரல் போனால் அந்த நிமிஷமே ரத்தம் வந்துவிடும், எல்லாரும் ஓடி வருவார்கள். நுரையீரல் போவது பல வருஷத்து வேலை. அது தெரியவரும்போது ஆள் மில்லை விட்டே போயிருப்பார். பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் பிரிவில் பல வருஷம் நின்றவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேறு எது மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள், கவனித்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

என்ன நோய் இது

டாக்டர்கள் இதை பிசினோசிஸ் என்பார்கள். பருத்தி, சணல் வகைகள், ஆளி நார் ஆகியவற்றின் தூசியைச் சுவாசிப்பதால் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நாளடைவில் அந்தச் சுருக்கம் நிரந்தரமாகிவிடும் நோய். இது தொற்றுநோய் அல்ல. பக்கத்து மெஷின்காரரிடமிருந்து உங்களுக்கு வராது, உங்களிடமிருந்து வீட்டுக் குழந்தைக்கும் போகாது.

பஞ்சு மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மில்லுக்கு வரும் பேலில், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியில், பஞ்சோடு சேர்ந்து காய்ந்த இலை, காம்பு, காயைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில் எல்லாம் வருகின்றன. அவற்றின் மேல் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டு. மெஷினில் அடிபட்டு இந்தச் செத்தைகள் மாவாகும்போது அந்த நச்சும் தூசியோடு சேர்ந்து உள்ளே போகிறது. மூச்சுக்குழாய் வீங்குவதிலும் சுருங்குவதிலும் இதற்குப் பெரிய பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குப்பை அதிகமுள்ள பேல் ஓடும் நாளில் நெஞ்சு அதிகமாகத் தொந்தரவு செய்வது இதனால்தான்.

இரவு ஷிப்டில் கார்டிங் மெஷினுக்குப் பக்கவாட்டில் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் போகும் பாதையில் புகை போல ஒன்று நிற்காமல் மிதப்பது தெரியும். டார்ச்சை அணைத்தால் அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். புருவத்திலும் கண்ணிமையிலும் தலைமுடியிலும் வெள்ளையாக ஒட்டுவது பெரிய இழை. அதை மூக்கே பெரும்பாலும் தடுத்துவிடும். நெஞ்சுக்குள் இறங்குவது 15 மைக்ரானுக்கும் குறைவான பொடி. ‘எங்க மில்லுல பஞ்சு பறக்கறதே இல்லை’ என்று சொல்லும் இடத்திலும் அந்தப் பொடி இருக்கலாம்.

எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்

மில்லுக்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. பேல் உடைக்கும் இடமும், பஞ்சை அடித்துப் பிரித்துக் குப்பை நீக்கும் ப்ளோ ரூமும், கார்டிங்கும் தூசி மிகுந்தவை. வேஸ்ட் குடோனும், ஏசி பிளான்ட் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் வேலையும் அதே அளவுக்கு மோசம். இவை இரண்டும் புதிதாக வந்தவர்கள் தலையிலும் கான்ட்ராக்ட் ஆட்கள் தலையிலும்தான் வந்து விழும். கழிவுப் பஞ்சை வைத்து நூல் ஓட்டும் ஓப்பன் எண்ட் மில்களில் மூலப்பொருளே குப்பை நிறைந்தது என்பதால் இன்னும் கவனம் வேண்டும். கார்டிங்குக்கு அடுத்த கட்டங்களான டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று போகப்போகத் தூசி குறையும். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கும் பேக்கிங்கும் ஒப்பீட்டளவில் பரவாயில்லை. முழுக்கப் பாலியெஸ்டர் ஓடும் லைனில் இந்த நோய்க்கு இடமில்லை. கலப்பு நூல் ஓடும் மில்லில் பருத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால், சின்ன வயதில் இளைப்பு இருந்திருந்தால், ப்ளோ ரூமும் கார்டிங்கும் வேண்டாம் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்கத் தோன்றும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்துச் சேர்ந்தவர்கள் சில மாதங்களிலேயே மூச்சு வாங்கி வீடு திரும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். இளைப்பு இருந்ததைச் சொல்லி வைண்டிங்கில் இடம் கேட்டுப் பெற்றவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருக்கிறவர்களுக்கு இதே தூசி இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

சேருவதற்கு முன் ஊதிப் பார்த்துவிடுங்கள்

வேலைக்கு எடுக்கும்போது எடை, உயரம், ரத்த அழுத்தம், கண் பார்வை பார்ப்பார்கள். சில இடங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. இந்த நோய்க்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி, நம் ஆட்கள் ஊதல் டெஸ்ட் என்பது. மூச்சை நிறைய இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். மொத்தம் எவ்வளவு ஊதினீர்கள், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு ஊதினீர்கள் என்று மெஷின் கணக்குக் காட்டும். இரண்டாவது எண்தான் பிற்பாடு உங்களுக்காகப் பேசும்.

தூசி படாத நுரையீரலின் அளவு கையில் இருந்தால்தான் ஐந்து வருஷம் கழித்துக் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட முடியும். மில்லில் செய்தால் அந்தத் தாளில் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். செய்யாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவில் விசாரியுங்கள். தாளைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ஹாஸ்டல் பெட்டியில் வைத்த தாள் பத்திரம் என்று நம்பாதீர்கள்.

முதல் வாரத்துக் காய்ச்சல்

புதிதாகச் சேர்ந்தவர்களில் சிலருக்கு முதல் நாட்களிலேயே சாயங்காலம் குளிர்காய்ச்சல், உடம்புவலி, தலைவலி, வறட்டு இருமல் வரும். இது மில் காய்ச்சல். சில நாட்களில் தானாகப் போய்விடும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நீண்ட லீவு போய்த் திரும்பினால் மறுபடி தலைகாட்டலாம். இது வந்தவர்களுக்கெல்லாம் பிசினோசிஸ் வரும் என்பதில்லை. அதனால் பயந்து முதல் வாரத்திலேயே ஓடிவிட வேண்டாம். ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் நின்றாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அது வேறு சங்கதி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லீவுக்கு அடுத்த நாள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

தூசியில் சில வருஷங்கள் வேலை செய்த பிறகு, பலருக்குப் பத்து வருஷம்கூட ஆகும், வார லீவு முடிந்து திரும்பிய முதல் நாளில் மட்டும் நெஞ்சில் ஒரு இறுக்கம் வரும். ஷிப்டுக்குள் போன உடனே வராது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கயிறு கட்டி இறுக்குவதாகவும் மூச்சை முழுசாக இழுக்க முடியாததாகவும் இருக்கும். கூடவே இருமல் வரலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ராத்திரிக்குள் தணிந்துவிடும். மறுநாள் அதே மெஷின், அதே தூசி, ஆனால் இறுக்கம் குறைவு. வாரக் கடைசியில் ஒன்றுமே இருக்காது. லீவு எடுத்துத் திரும்பினால் மறுபடி முதல் நாள் அதே இறுக்கம். வாரத்துக்குள் உடம்பு அந்தத் தூசிக்கு ஓரளவு இசைந்துகொள்கிறது, ஒரு நாள் விலகி இருந்ததும் அந்த இசைவு போய்விடுகிறது.

வேலையால் வரும் ஆஸ்துமா இதற்கு நேரெதிராகப் போகும். அதில் வாரம் ஓட ஓட மூச்சுத்திணறல் கூடும், லீவில் குறையும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் தொழிலாளர்களிடம் திங்கட்கிழமை நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்த நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை இறுக்கம் வருவது தொடக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவது அடுத்த நிலை. திங்களோடு நிற்காமல் மற்ற நாட்களுக்கும் பரவுவது அதற்கடுத்தது. வேலையில் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கி, நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடுவது கடைசி. முதல் இரண்டு நிலைகளில் தூசியை விட்டு விலகிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசி நிலையில் போனது போனதுதான், எந்த மருந்தும் திருப்பித் தராது.

நம் ஊர் மில்களில் திங்கட்கிழமை என்று கணக்கு வைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். வார லீவு ஒருவருக்கு ஞாயிறு, இன்னொருவருக்குப் புதன் என்று மாறி மாறி வரும். அமாவாசைக்கு மட்டும் தறி நிறுத்தும் வீடுகளில் அமாவாசைக்கு அடுத்த நாள்தான் ‘திங்கட்கிழமை’. உங்கள் லீவு எது, அதற்கு அடுத்த நாள் எது என்று பாருங்கள். ஷிப்ட் மாற்றத்துக்காக ஒன்றரை நாள் இடைவெளி விழுந்தாலும் அதையும் லீவாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏற்காடு பக்கத்துப் பிள்ளைகள் வந்து அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: ‘அண்ணே, ஊருக்குப் போனா நெஞ்சு லேசாயிடுது, மலைக்காத்துதான் மருந்து.’ மலைக்காற்று நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே லேசாவதற்குக் காரணம் கார்டிங் ரூம் அங்கே இல்லை என்பது. ஊரில் சரியாகி, கீழே இறங்கிய முதல் ஷிப்டில் மறுபடி இறுகுகிறது என்றால் நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அர்த்தம். ஊருக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலும் பல வருஷம் அதே இடத்தில் நிற்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

போனிலும் எழுதலாம். நோட்டு மேல் என்பது என் அபிப்பிராயம். டாக்டர் முன்னாலும் அதிகாரி முன்னாலும் மேஜையில் வைக்க முடியும், போன் தொலைந்தாலும் மிஞ்சும். தினமும் எழுத வேண்டியதில்லை. லீவுக்கு அடுத்த நாள் கட்டாயம், அதன் மறுநாள் கட்டாயம், மற்ற நாட்களில் தொந்தரவு இருந்தால் மட்டும் எழுதினால் போதும். இந்த மாதிரி இருக்கட்டும்:

‘செவ்வாய். நேற்று வார லீவு. காலை 6 மணி ஷிப்ட், கார்டிங். 9 மணி வாக்கில் நெஞ்சு இறுக்கம், இருமல். மாடி ஏற மூச்சு வாங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சரி. மாத்திரை எதுவும் போடவில்லை.

புதன். கார்டிங். லேசான இருமல். இறுக்கம் இல்லை.’

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்று பெரிய மெடிக்கல் கடைகளில் கிடைக்கும், பெரிய விலை இல்லை. ஷிப்டுக்கு முன் மூன்று தடவை, ஷிப்ட் முடிந்து மூன்று தடவை ஊதி, இரண்டு சமயத்திலும் வந்த மிக உயர்ந்த எண்ணைக் குறித்து வையுங்கள். லீவு நாளிலும் அதே நேரங்களில் ஊதிக் குறித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் வாய் வைக்கும் பகுதியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க், துடைப்பம், ஏர் குழாய்

மாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. முதலில் வேண்டியது மெஷினிலேயே தூசியை உறிஞ்சும் ஏற்பாடு. அது சரியாக ஓட வேண்டும், மூடிகள் மூடியிருக்க வேண்டும், ஃபில்டர் நேரத்துக்கு மாற வேண்டும். சக்‌ஷன் குழாய் அடைத்திருந்தால், மூடி உடைந்திருந்தால், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மேஸ்திரி மூலமாகவோ பாதுகாப்புக் கமிட்டித் தொழிலாளர் மூலமாகவோ சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1978இல் நூற்புப் பிரிவுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி கூடாது என்று வரம்பு கொண்டுவந்தார்கள். மில் முதலாளிகள் சங்கம் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு மெஷின்களை மாற்றினார்கள், உறிஞ்சு ஏற்பாடுகளைச் செய்தார்கள், அங்கே இந்த நோய் பெருமளவு குறைந்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் பருத்தித் தூசிக்கு அதே 0.2 மில்லிகிராம் அளவுதான் இருந்தது. ஆகவே தூசியைக் குறைக்கவே முடியாது, மில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாஸ்க் என்றால் என் 95 ரகம். கைக்குட்டையும் துப்பட்டாவும் துண்டும் பச்சைநிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் பெரிய இழையைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. இரண்டு பட்டையையும் தலைக்குப் பின்னால் போட்டு, மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் பொருத்துங்கள். பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கன்னத்து ஓரத்திலோ கண்ணுக்குக் கீழேயோ காற்று வெளியேறினால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எப்படிப் போட்டாலும் ஓரம் பொருந்தாது. ஷிப்ட் முடிந்து கழற்றிப் பாருங்கள்: உள்பக்கத்தில் மூக்கின் இரு ஓரமும் சாம்பல் நிறக் கோடு விழுந்திருந்தால் அந்த வழியாகத் தூசி உள்ளே போயிருக்கிறது. துவைத்துப் போடக் கூடாது, துவைத்தால் வடிகட்டும் தன்மை போய்விடும். மூச்சிழுக்கச் சிரமமாகும்போதும் உள்ளே அழுக்கேறும்போதும் மாற்ற வேண்டும், மாற்று மாஸ்க் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஈரப்பதம் நிறைந்த அந்த வெக்கையில் எட்டு மணி நேரம் மாஸ்க் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் டிபார்ட்மென்டை விட்டு வெளியே வந்து கழற்றுங்கள், மெஷின் பக்கத்தில் தாடைக்கு இறக்கிவிடாதீர்கள்.

ஏர் குழாயால் மெஷினையும் தரையையும் ஊதிச் சுத்தம் செய்வது மிக மோசமான பழக்கம். படிந்து கிடந்த பொடி மொத்தமும் ஒரே நிமிஷத்தில் காற்றில் ஏறிவிடும். ஷிப்ட் முடிந்து மேலில் ஒட்டியதை அதே ஏர் குழாயால் அடித்துக்கொள்வது அதைவிட மோசம், பொடி நேராக முகத்துக்கு வருகிறது. வேக்குவம் இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாத இடத்தில் ஈரத் துடைப்பம் பயன்படுத்த முடிகிற அளவுக்காவது பயன்படுத்துங்கள். ஏர் அடித்தே ஆக வேண்டும் என்றால் அந்த நேரம் மாஸ்க் கட்டாயம், மற்றவர்கள் வெளியே போய்விட வேண்டும். வேலைத் துணியோடு படுக்கையில் உட்கார வேண்டாம். குளித்து மாற்றிய பிறகு ஹாஸ்டல் ரூமுக்குள் போங்கள்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்க கண்ணு, பஞ்செல்லாம் வயித்துக்கு இறங்கிரும்’ என்று ஸ்பின்னிங்கில் மூத்த அக்காக்கள் பாசத்தோடு சொல்வார்கள். வெல்லமும் வாழைப்பழமும் தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். தின்பது போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு. சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பி மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

‘இருமல், மூச்சு வாங்குது’ என்று மட்டும் சொன்னால் இருமல் டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் எழுதுவார்கள். கூட்டத்தில் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: ‘பஞ்சு மில்லுல கார்டிங்ல இத்தனை வருஷமா வேலை பாக்கறேன். லீவு முடிஞ்சு போற முதல் நாள் ரெண்டு மூணு மணி நேரத்துல நெஞ்சு இறுகுது. மத்த நாள்ல குறையுது.’ நோட்டைக் காட்டுங்கள். என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்று ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சீட்டில் ‘கூலி’ என்று இருந்தால் பிற்காலத்தில் எதற்கும் உதவாது, ‘நூற்பு மில், கார்டிங்’ என்று இருக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்வார்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம், தயங்காமல் செய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரேயைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பிசினோசிஸில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ‘படத்துல ஒண்ணும் இல்லை, நீ நல்லா இருக்க’ என்று யாராவது சொன்னால் ஊதல் டெஸ்ட்டையும் கேளுங்கள். லீவுக்கு அடுத்த நாள் ஷிப்டுக்கு முன்பும் ஷிப்டுக்குப் பின்பும் ஊதிப் பார்ப்பதுதான் சரியான முறை. முதல் விநாடிக் கணக்கு ஷிப்டுக்குள் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அலட்சியப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்ய வசதி இல்லாத இடத்தில் உங்கள் பீக் ஃப்ளோ நோட்டு கைகொடுக்கும்.

இன்ஹேலர் கொடுத்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது சுருங்கிய குழாயைத் தளர்த்தும். ஆனால் இன்ஹேலரை இழுத்துக்கொண்டே அதே கார்டிங்கில் நிற்பது நோயை மூடிவைத்து வளர்ப்பதுதான். தூசியிலிருந்து விலகுவது தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், நெஞ்சுவலி தோளுக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தாலும் இந்த நோட்டுப் பேச்செல்லாம் அப்புறம். 108க்குக் கூப்பிடுங்கள்.

ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள், மாறுதல் கடிதம் எழுதுங்கள்

நோய் என்று தெரிந்ததும் பலர் கோபத்திலோ பயத்திலோ வேலையை விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டால் கேட்பதற்கு இருந்த வாசல்களில் பாதி மூடிவிடும். முதலில் தூசி குறைந்த பிரிவுக்கு மாறுதல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்:

‘ஐயா, நான் கார்டிங் பிரிவில் வேலை செய்து வருகிறேன். வார விடுமுறை முடிந்து வரும் நாட்களில் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத்திணறலும் ஏற்படுகின்றன. பஞ்சுத் தூசி குறைந்த இடத்தில் வேலை செய்யும்படி மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். மருத்துவச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். கோன் வைண்டிங் அல்லது பேக்கிங் பிரிவுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள்.

பிசினோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அறிவிக்க வேண்டிய நோய்களுக்குப் பட்டியல் உண்டு. இந்த நோய் இருப்பதாகத் தெரிந்தால் நிர்வாகமும் தெரிவிக்க வேண்டும், பார்த்த டாக்டரும் தெரிவிக்க வேண்டும். டாக்டரிடம் மரியாதையாக நினைவுபடுத்துங்கள். மில்லின் தூசி நிலைமை பற்றிப் புகார் சொல்ல வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் சேலம் அலுவலகம்.

இ.எஸ்.ஐ. அட்டை

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் நிர்வாகம் போடும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பது மட்டும் போதாது, உங்கள் எண்ணில் பணம் ஏறியிருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பாருங்கள் அல்லது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கான்ட்ராக்ட் மூலம் சேர்ந்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் மில் நிர்வாகம்தான் பொறுப்பு.

சாதாரண நோய்க்கு லீவு எடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்குச் சந்தா கட்டிய நாட்கள் 78 இருக்க வேண்டும். தொழில்நோய் என்று ஏற்கப்பட்டால் அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சமம்: வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு 90 சதவீதம், நிரந்தரக் குறைபாடு இருந்தால் மருத்துவ போர்டு சொல்லும் அளவுக்கு மாதாமாதம் தொகை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் சட்டத்தில் உள்ள தொழில்நோய்ப் பட்டியலின் மூன்றாவது பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். மில் மாறி மில் போகிறவர்கள் பழைய இடத்துச் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் டிஸ்பென்சரியில் தொடங்கி, அங்கிருந்து சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிப் போங்கள். தொழில்நோய் கோரிக்கையை இ.எஸ்.ஐ.யின் சேலம் துணை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். போர்டு முன் நிற்கும்போது சேர்ந்த காலத்து ஊதல் டெஸ்ட் தாள், நோட்டு, ஓ.பி. சீட்டுகள், சம்பளச் சீட்டுகள், மாறுதல் கேட்ட கடிதம் எல்லாம் தேதி வாரியாக இருக்கட்டும். போர்டின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

தறிவீடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு

இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறிக்கூடங்களில் தூசி மில் அளவுக்கு இல்லை. ஆனாலும் இருக்கிறது. பாவு (நீள நூல்) ஓட்டும் இடத்திலும் தார் (ஊடை நூல் குழல்) சுற்றும் இடத்திலும் முகத்துக்கு மிக அருகில் நூல் ஓடுகிறது, கதவு சன்னல் சாத்தியிருக்கிறது, குழந்தைகள் அதே அறையில் தூங்குகிறார்கள். தூங்கும் இடத்தைப் பிரிப்பதுதான் முதல் வேலை. பூசணம் பிடித்த கஞ்சி ஏறிய நூல் வந்தால் திருப்பி அனுப்புங்கள், புளியங்கொட்டை மாவுக் கஞ்சியால் நெசவாளர்களுக்குக் கடும் இருமல் வந்த சம்பவம் இங்கிலாந்தில் 1957இல் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கூடத்துக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. வராது. அங்கே இருப்பவர்கள் கைத்தறி அல்லது விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையை விடும் நாளில்

கல்யாணத்துக்காகவோ வேறு மில்லுக்காகவோ ஊரோடு போய்விடுவதற்காகவோ வேலையை விடும்போது, செட்டில்மென்ட் பணத்தோடு சர்வீஸ் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அதில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, வேலை செய்த பிரிவு மூன்றும் இருக்க வேண்டும். பிரிவு எழுதாமல் ‘ஆப்பரேட்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். மில்லில் எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள்களின் நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள். மில் கைமாறிவிட்டால் பிறகு தேடிக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். விட்டு ஆறு மாதம் கழித்து ஒரு முறை, அடுத்த வருஷம் ஒரு முறை ஊதல் டெஸ்ட் செய்து, அந்தத் தாள்களையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.